டெல்டா குளத்து மீன்ல கைரல் பூச்சிமருந்து எச்சம் பார்க்குறது எப்படி: வரிசை தப்பாம ஒரு முழு வழிகாட்டி

குறுவை, சம்பா, தாளடின்னு வயல்ல அடிக்கிற மருந்து வடிகால் வழியா குளத்துக்கு வருது, குளத்துலேருந்து மீனுக்கு வருது. மீன்ல மொத்தம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க வழக்கமான முறை இருக்கு, அது தெரிஞ்சவங்களுக்குத்தான் இந்த வழிகாட்டி, இது அதுக்கு அடுத்த படி.

நிறைய மருந்துல ஒரே பேருக்குள்ள ரெண்டு மூலக்கூறு இருக்கும். வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி, எடை ஒண்ணுதான், அணுக்களும் அதேதான், ஆனா ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தாது. இந்த மாதிரி மருந்தை கைரல்னு சொல்றோம், ஜோடில ஒவ்வொண்ணும் ஒரு எனான்ஷியோமர். பாட்டில்ல பெரும்பாலும் ரெண்டும் பாதிக்குப் பாதி இருக்கும், அதுக்குப் பேரு ரேசிமிக். ஆனா மீனோட ஈரல்ல இருக்கிற என்சைம் ரெண்டையும் ஒரே மாதிரி பார்க்காது, ஒண்ணை சீக்கிரம் உடைச்சிட்டு இன்னொண்ணை விட்டு வைக்கும். அதனால மீன்ல மிஞ்சி நிக்கிறது பூச்சியைக் கொல்ற பாதியா இல்ல சும்மா கூட வந்த பாதியாங்கிறதை மொத்த அளவு மட்டும் வச்சு சொல்ல முடியாது.

பிராஜெக்ட்டுக்கு வர்ற பிள்ளைங்க தடுமாறுறது கெமிஸ்ட்ரில இல்ல, வரிசைல. முதல்ல விலை ஒசந்த காலம் ஆர்டர் போட்டுடறாங்க, அப்புறம் மீன் வாங்கிட்டு வர்றாங்க, அப்புறம் எக்ஸ்ட்ராக்ட் பண்றாங்க, அதாவது மீன்லேருந்து மருந்தைக் கரைச்சு வெளில எடுக்குறாங்க, கடைசில ஒரு நம்பர் வருது, அந்த நம்பர் சரியா தப்பான்னு சொல்ல கையில எதுவும் இருக்காது. காலம்னு நாங்க சொல்றது கருவிக்குள்ள மாட்டுற, கலவையைப் பிரிக்கிற அந்த ஸ்டீல் குழாயை, இந்தக் கட்டுரை முழுக்க அதே அர்த்தம்தான். கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க, ஒவ்வொண்ணுக்கும் காரணம் அங்கங்கயே சொல்லியிருக்கேன்.

1. முதல்ல உரக்கடைக்குப் போங்க

லேபுக்கு இல்ல, உரக்கடைக்கு. நீங்க மீன் எடுக்கப் போற குளத்தைச் சுத்தி இருக்கிற வயல்ல இந்தப் போகத்துல என்ன அடிச்சாங்கன்னு தெரியாம மருந்து பட்டியல் போட்டா, இல்லாத மருந்தைத் தேடி ஆறு மாசம் போயிடும். கடைக்காரர்கிட்ட போன பதினைஞ்சு நாள்ல எது அதிகம் போச்சுன்னு கேளுங்க, லேபிளை போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் வரப்புல போய் விவசாயிகிட்டயும் கேளுங்க, ஏன்னா கடைல வாங்கினது வேற, வயல்ல கலந்து அடிச்சது வேறயா இருக்கும். மன்னார்குடி பக்கம் ஒரு பெரியவர், "பேரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, டேங்குக்கு ரெண்டு மூடி, புகையானுக்கு ஒண்ணு இலைச்சுருட்டுக்கு ஒண்ணு, சேர்த்தே விட்டுருவோம்"னு சொல்லிட்டு வரப்போரம் வேலில சொருகி வச்சிருந்த ரெண்டு காலி பாட்டிலை எடுத்துக் காமிச்சாரு. அந்த ரெண்டு லேபிள்லேருந்துதான் எங்க பட்டியலே ஆரம்பிச்சுது.

பேரு கிடைச்சதும் எது கைரல்னு பிரிங்க. நெல்லுல புழங்குறதுல ஃபிப்ரோனில் கைரல், அது கந்தக அணுவுல. இலையுறை கருகலுக்குப் போடுற ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு எனான்ஷியோமர். நெற்பழ நோய்க்கு அடிக்கிற புரோப்பிகோனசோல்ல நாலு. அசிஃபேட், புரோஃபெனோபாஸ் ரெண்டும் பாஸ்பரஸ் அணுவுல கைரல். லாம்ப்டா சைஹாலோத்ரின் ஒரு எனான்ஷியோமர் ஜோடி. சைப்பர்மெத்ரின்ல எட்டு ஐசோமர், அதாவது அதே அணுக்கள் வேற வேற விதமா அமைஞ்ச எட்டு வடிவம், நாலு ஜோடி. திருவாரூர், நாகை பக்கம் கோடைல பருத்தி போடுற இடமா இருந்தா புரோஃபெனோபாஸும் சைப்பர்மெத்ரினும் ஒண்ணா கலந்த பாட்டில் கண்ணுல படலாம்.

கைரல் இல்லாததையும் தெரிஞ்சுக்கங்க. குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட், குளோரான்ட்ரனிலிப்ரோல், புப்ரோபெசின், குலைநோய்க்குப் போடுற ட்ரைசைக்ளசோல், களைக்கொல்லி பிரெட்டிலாகுளோர், பூட்டாகுளோர் எதுக்குமே இந்த வேலை தேவையில்ல. ட்ரைசைக்ளசோலுக்கு கைரல் காலம் கேட்டு மெயில் போட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். பழைய மருந்துகள்ல ஆர்த்தோ-பாரா டிடிடி, ஆல்ஃபா ஹெச்சிஹெச் ரெண்டும் கைரல், பாரா-பாரா டிடிடியும் லிண்டேனும் கைரல் இல்ல.

முதல் பிராஜெக்ட்டுக்கு ரெண்டே ரெண்டு மருந்து எடுங்க, ஹெக்சகோனசோலும் ஃபிப்ரோனிலும். சைப்பர்மெத்ரினை இப்போ தொடாதீங்க, எட்டு பீக்கையும் (கருவி வரையுற கோட்டுல ஒவ்வொரு பொருளுக்கும் எழும்புற மேடு) தனித்தனியா பிரிக்கிறதுலயே ஒரு வருஷம் போயிடும்.

இன்னொண்ணு, அந்தக் கடைலயே ஒவ்வொரு மருந்துலயும் ஒரு சின்ன பாட்டில் வாங்கிடுங்க. பாட்டில்ல உண்மையிலேயே பாதிக்குப் பாதிதான் இருக்கான்னு பின்னாடி ஓட்டிப் பார்க்கணும். சில மருந்து ஒரே ஐசோமரா விக்குது, மெட்டலாக்சில்-எம் அப்படித்தான், அது மீன்ல ஒரு பக்கம் சாய்ஞ்சு இருந்தா அதுக்கு மீன் காரணம் இல்ல.

2. கையில இருக்க வேண்டியது

எல்சி-எம்எஸ்-எம்எஸ் கருவி வேணும், திரவத்தை காலம் வழியா ஓட்டிப் பிரிச்சு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல எடை பார்க்குறது, சொந்தமா இல்லன்னா நேரம் வாங்கிக்கலாம். குளிர் வசதி உள்ள சென்ட்ரிபியூஜ், மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர், மிக்ஸி மாதிரி அரைக்கிற கருவி, 50 மி.லி. ட்யூப், அசிட்டோநைட்ரைல், மெக்னீசியம் சல்ஃபேட், சோடியம் குளோரைடு, அழுக்கையும் கொழுப்பையும் பிடிக்கிற பிஎஸ்ஏ, சி18 பவுடர் இதெல்லாம் எந்த எச்ச லேப்லயும் இருக்கும்.

இல்லாம போறது மூணு. முதல்ல ரேசிமிக் ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிட்டு அளக்க அளவு தெரிஞ்ச சுத்தமான மருந்து, சான்றிதழோட. ரெண்டாவது, கார்பன்-13 லேபிள் போட்ட அதே மருந்து, கிடைச்சா. மூணாவது மருந்தே படாத மீன், அதைப் பத்தி நாலாவதுல சொல்றேன். தனித்தனி எனான்ஷியோமர் ஸ்டாண்டர்ட் கிடைச்சா ரொம்ப நல்லது, விலை கண்ணைக் கட்டும், அது இல்லாமலும் ஆரம்பிக்கலாம்.

ஸ்டாண்டர்ட் கரைக்கும்போதே ஒரு தப்பு வந்துடும். ரேசிமிக் ஸ்டாண்டர்ட் மி.லி.க்கு 1 மைக்ரோகிராம்னா ஒவ்வொரு எனான்ஷியோமரும் அதுல 0.5தான். கேலிபிரேஷன் ஷீட்ல, அதாவது பீக்கை அளவா மாத்துற கணக்குல, 1ன்னு போட்டுட்டா மீன்ல இருக்கிற ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கா வரும். ரெண்டுமே ஒரே அளவுல தப்பாகுறதால விகிதம் மாறாது, அதனாலயே யாரும் கவனிக்க மாட்டாங்க. பாட்டில் மேல "ஒவ்வொண்ணும் 0.5"னு மார்க்கர்ல எழுதி வச்சுடுங்க.

3. மீனைத் தொடறதுக்கு முன்னாடி காலத்துல பிரிங்க

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்த ரெண்டு செருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. எடை ஒண்ணு, உடையுற துண்டும் ஒண்ணு. ஹெக்சகோனசோல் பாசிட்டிவ் அயனா 314 எடை, அது உடைஞ்சு வர்ற துண்டு 70, 159. ஃபிப்ரோனில் நெகட்டிவ் அயனா 435லேருந்து 330, 250. ரெண்டு எனான்ஷியோமருக்கும் இதே நம்பர்தான். பிரிக்கிற வேலை முழுக்க காலத்து தலைல.

செல்லுலோஸ் வகை ஒண்ணு, அமைலோஸ் வகை ஒண்ணு, ரெண்டுலயும் ட்ரை பண்ணுங்க. எந்த மருந்து எதுல பிரியும்னு யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்கணும். அதனாலதான் வாங்குறதுக்கு முன்னாடி வேற லேப்ல கடன் கேட்டாவது ஒரு தடவை ஓட்டுங்கன்னு சொல்றேன்.

ஹெக்சேனை மொபைல் ஃபேஸா, அதாவது காலம் வழியா ஓடுற திரவமா, வச்சு பிரிச்ச பழைய பேப்பர் நிறைய கிடைக்கும். அதை அப்படியே எம்எஸ் கருவில ஏத்தாதீங்க, சூடான சோர்ஸ்ல ஹெக்சேன் ஆவி தீப்பிடிக்கிற விஷயம். தண்ணி, அசிட்டோநைட்ரைல் வச்சு ஓடுற ரிவர்ஸ் ஃபேஸ் காலமா பாருங்க. கொஞ்சம் ஃபார்மிக் ஆசிட் ஹெக்சகோனசோலுக்கு உதவும், ஆனா நெகட்டிவ்ல ஓடுற ஃபிப்ரோனிலோட சிக்னலை இறக்கிடும், ரெண்டுக்கும் சேர்த்து அமோனியம் அசிட்டேட் 5 மில்லிமோலார் போட்டுப் பாருங்க, ஒத்து வரலைன்னா தனித்தனியா ஓட்டுங்க.

காலம் பெட்டில வர்ற பேப்பரை படிங்க. கைரல்செல் ஓடி, கைரல்பேக் ஏடி மாதிரி மேல பூசின வகைன்னா எத்தில் அசிட்டேட், அசிட்டோன், டைக்ளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் ஒரு சொட்டு கூட போகக் கூடாது, பூச்சு கரைஞ்சு வந்துடும், திரும்ப சரி பண்ண முடியாது. பக்கத்து டேபிள்ல ஜிசிக்காக (ஆவியாக்கிப் பிரிக்கிற கருவி) எத்தில் அசிட்டேட்ல வச்சிருந்த சாம்பிள் குப்பியை எடுத்து மாத்தி ஊசி போட்டு காலம் போன கதை ஒண்ணுக்கு மேல கேட்டிருக்கேன். கெமிக்கலா ஒட்டின வகை, அதாவது ஐஏ, ஐபி, ஐசி மாதிரி, இதெல்லாம் தாங்கும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது. ஹெக்சேன்ல ஓடின கருவியை நேரா தண்ணிக்கு மாத்தாதீங்க, ரெண்டும் கலக்காது, நடுவுல ஐசோப்ரோப்பனால் விட்டு மெதுவா கழுவணும், அது கெட்டி, பிரஷர் ஏறும்.

எப்போ நிறுத்தலாம்? ரெண்டு பீக்குக்கும் நடுவுல ரெசல்யூஷன், அதாவது எவ்வளவு விலகி நிக்குதுங்கிற அளவு, 1.5 வரணும், பேஸ்லைன் தரையைத் தொட்டுட்டு ரெண்டாவது பீக் எழும்பணும். 1.0ல நிறுத்திட்டு "பிரிஞ்சிடுச்சு"ன்னு சொல்லாதீங்க, வால் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சின்ன பீக்கோட பரப்பை பெரிய பீக் தின்னுடும். காலத்தை ஒரே சூட்டுல வைக்கிற ஓவனை 25 டிகிரில ஒரு தடவை, 35ல ஒரு தடவை பாருங்க, சில மருந்துக்கு சூடு குறைஞ்சா நல்லா பிரியும். எந்தச் சூட்டுல செட் பண்ணினீங்களோ அதுலயே கடைசி வரைக்கும் இருங்க, கரண்ட் போய் வந்துச்சுன்னா ஓவன் பழைய சூட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆகாம அடுத்த ஊசி போடாதீங்க.

முதல்ல வர்ற பீக் பிளஸ் எனான்ஷியோமரா மைனஸ் எனான்ஷியோமரான்னு பேப்பர் பார்த்து எழுதிடாதீங்க. காலம் மாறினா வரிசை தலைகீழாகும், அதே காலத்துலயே சால்வென்ட் மாறினாலும் சூடு மாறினாலும் சில மருந்துக்கு ஆகும். தனி எனான்ஷியோமர் ஸ்டாண்டர்ட் ஓட்டிப் பார்க்காத வரைக்கும் முதல்ல வர்றது ஈ1, அடுத்தது ஈ2ன்னு மட்டும் எழுதுங்க. அது குறை இல்ல, நேர்மையான பேரு.

4. சுத்தமான மீன் தேடுங்க

இது அலுப்பான வேலை, இதைத் தாண்டிட்டு போறவங்கதான் அதிகம். மருந்து படாத மீன் இல்லாம கேலிபிரேஷனும் கிடையாது, சோதனையும் கிடையாது. டெல்டால திறந்த குளத்துல அப்படி மீன் கிடைக்கும்னு நம்பாதீங்க. போர் தண்ணில, சிமென்ட் தொட்டில, பாக்கெட் தீவனத்துல வளர்ந்த மீனா பாருங்க, அதையும் ஓட்டிப் பார்த்துட்டு நம்புங்க.

ரொம்ப முக்கியம், மீன் வகை ஒண்ணா இருக்கணும். விரால்ல வேலை பண்ணப் போறீங்கன்னா விரால், கெண்டைன்னா கெண்டை. கட்லாவோட வயித்துப் பக்கக் கொழுப்பும் விராலோட சதையும் ஒண்ணு இல்ல, ஜிலேபில செட் பண்ணின முறை கட்லால அப்படியே வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

5. மீன் எடுக்குறது, கொண்டு வர்றது

அடிச்ச தேதி தெரிஞ்சு போங்க. மருந்து அடிச்ச ரெண்டாம் நாள் எடுத்த மீனும் இருபதாம் நாள் எடுத்த மீனும் வேற கதை சொல்லும். ஐப்பசி கார்த்திகை மழைல வடிகால் நிரம்பி ஓடுறப்போ பல வயல் தண்ணி ஒண்ணா வந்து சேரும், எந்த மருந்து எங்கேருந்து வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. முதல் தடவைக்கு ஒரே மடை வழியா தண்ணி வாங்குற சின்ன குளமா பார்த்துக்கங்க.

சந்தைல வாங்காதீங்க. மீன்வாடில ஒரே கூடைல நாலு ஊரு மீன் இருக்கும், எந்தக் குளம், எப்போ செத்துச்சு, எவ்வளவு நேரம் வெயில்ல இருந்துச்சு எதுவும் தெரியாது. மீன் செத்த பிறகும் ஈரல்லயும் குடல்லயும் என்சைம் வேலை பார்த்துக்கிட்டே இருக்கும், நாம அளக்கப் போறதே அந்த என்சைம் விட்டுட்டுப் போன விகிதத்தைத்தான். அதனால பிடிச்ச உடனே ஐஸ்ல போடுங்க, கரைலயே. தனித்தனியா அலுமினியம் ஃபாயில்ல சுத்தி, மேல ஜிப் கவர், பென்சில்ல எழுதின சீட்டு, அன்னைக்கே ஃப்ரீசர். மீனை நேரா பிளாஸ்டிக்ல போடாதீங்க, பிளாஸ்டிக்லேருந்து வர்ற அழுக்கு பீக்கா வந்து நிக்கும்.

கூடவே அதே இடத்துல 1 லிட்டர் தண்ணி கருப்புக் கண்ணாடி பாட்டில்ல, ஒரு கை சேறும் எடுங்க. இதை மறந்துட்டு வந்துட்டா திரும்பப் போய் எடுத்து பிரயோஜனம் இல்ல, தண்ணி மாறியிருக்கும். மீன்ல விகிதம் சாய்ஞ்சிருந்தா சாய்ச்சது மீனா, இல்ல சேத்துல இருக்கிற நுண்ணுயிரான்னு இந்த ரெண்டும் இருந்தாத்தான் சொல்ல முடியும்.

மீன்களை ஒண்ணா கலந்து அரைக்காதீங்க. ஒரு மீன்ல ஈ1 அதிகம், இன்னொண்ணுல ஈ2 அதிகம்னு இருந்தா கலந்ததுல பாதிக்குப் பாதின்னு வரும், ஒண்ணுமே நடக்காத மாதிரி தெரியும். நீளம், எடை எழுதி தனித்தனியா அஞ்சு மீனாவது ஓட்டுங்க.

6. அறுக்குறது, அரைக்கிறது

முழுசா உருக விடாதீங்க. பாதி உறைஞ்ச விரால்ல தோல் ஒரே இழுப்புல சட்டை கழட்டுற மாதிரி வரும், சதை கட்டையா நிக்கும், கத்தி வழுக்காது. உருகிட்டா வழவழன்னு சளியும் ரத்தமும் சதைல கலந்துடும். முதுகுப் பக்கச் சதையை எடுங்க, குடலைக் கிழிச்சிடாதீங்க. ஈரல் வேணும்னா அதை முதல்ல எடுத்துத் தனியா உறைய வைங்க.

அயிரை மாதிரி முழுசா குழம்புல போடுற மீனா இருந்தா முழுசாவே அரைங்க, ஜனங்க எப்படி சாப்பிடறாங்களோ அப்படி. அரைக்கும்போது ட்ரை ஐஸ் சேர்த்து அரைச்சா சூடு ஏறாது, மாவு மாதிரி வரும். மிக்ஸி சூடானா கொழுப்பு உருகி பாத்திரத்துல ஒட்டும், மருந்து கொழுப்போடதான் போகும்.

7. எக்ஸ்ட்ராக்‌ஷன்

5 கிராம் அரைச்ச மீன், 50 மி.லி. ட்யூப்ல. 6 மி.லி. தண்ணி விடுங்க, மீன்ல இருக்கிற ஈரத்தோட சேர்ந்து சுமார் 10 வரும். லேபிள் போட்ட ஸ்டாண்டர்டை இப்போவே விடுங்க, அரை மணி நேரம் ஊற விடுங்க, அப்போதான் அதுவும் மீனோட மருந்து பட்ட பாடு எல்லாம் படும். கடைசில விட்டா அது எதையும் திருத்தாது.

10 மி.லி. அசிட்டோநைட்ரைல் விட்டு ரெண்டு நிமிஷம் பலமா குலுக்குங்க. அதுக்கப்புறம்தான் உப்பு, 4 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட், 1 கிராம் சோடியம் குளோரைடு. இந்த வரிசையை மாத்தி மீன் மேல நேரா உப்பைக் கொட்டினா மெக்னீசியம் சல்ஃபேட் ஈரத்தைக் குடிச்சு கல்லு மாதிரி கட்டிடும், உள்ள இருக்கிற மீனுக்கு சால்வென்ட் போகாது. சரியா போட்டாலும் ட்யூப் கையில சுடும், அது இயல்பு, உடனே ஐஸ் தண்ணில முக்கிக் குலுக்குங்க. அப்புறம் 5 நிமிஷம் சென்ட்ரிபியூஜ். மேல தெளிவா நிக்கிற அசிட்டோநைட்ரைல்தான் நமக்கு வேணும், அதுல 1 மி.லி.ன்னா அரை கிராம் மீன்.

8. கொழுப்பை எடுக்குறது

மேல் பாகத்தை 6 மி.லி. கண்ணாடி ட்யூப்ல எடுத்து ராத்திரி முழுக்க மைனஸ் 20ல வைங்க. காலைல பார்த்தா மார்கழில தேங்காய் எண்ணெய் உறைஞ்ச மாதிரி வெள்ளையா அடில படிஞ்சிருக்கும். ஃப்ரீசர்லேருந்து எடுத்த கையோட, ஜில்லுன்னு இருக்கும்போதே சென்ட்ரிபியூஜ் பண்ணி மேல் பாகத்தை எடுத்துடுங்க. டீ குடிச்சிட்டு வந்து எடுக்கலாம்னு வெளில வச்சா அவ்வளவு கொழுப்பும் திரும்பக் கரைஞ்சிடும், ராத்திரி முழுக்க வச்சது வீண்.

அந்தத் தெளிவுல 1 மி.லி.க்கு 150 மி.கி. மெக்னீசியம் சல்ஃபேட், 50 மி.கி. பிஎஸ்ஏ, 50 மி.கி. சி18 போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, சென்ட்ரிபியூஜ் பண்ணி, வடிகட்டுங்க. கட்லா மாதிரி கொழுப்பு மீனுக்கு சி18 இன்னும் கொஞ்சம் போடலாம். டிடிடி, ஹெச்சிஹெச் பார்க்குறவங்க ஹெக்சேன்ல எடுத்து அடர் சல்ஃபியூரிக் ஆசிட் வச்சு கொழுப்பை எரிப்பாங்க, அந்த ரெண்டும் தாங்கும், ஆனா அதே வழியை ஃபிப்ரோனிலுக்கோ பைரித்ராய்டுக்கோ (சைப்பர்மெத்ரின் குடும்பம்) எடுக்காதீங்க, மருந்தும் சேர்ந்து போயிடும்.

இங்க பைரித்ராய்டுக்குன்னு ஒரு தனி எச்சரிக்கை. சைப்பர்மெத்ரின், சைஹாலோத்ரின் மாதிரி சயனோ உள்ள மருந்துகள் சும்மா வச்சாலே ஒரு ஐசோமர் இன்னொண்ணா மாறும். மெத்தனால்ல வச்சா மாறும், பிஎஸ்ஏ ஒரு அமீன், அதோட காரத்தன்மைல மாறும், ஜிசி ஊசி போடுற இடத்துச் சூட்டுல மாறும். மீன் செய்யாத வேலையை உங்க சாம்பிள் குப்பி செஞ்சிட்டு நிக்கும். இவங்களை மெத்தனால்ல கரைக்காதீங்க, கிளீன்-அப் முடிஞ்ச உடனே ஒரு மி.லி.க்கு 10 மைக்ரோலிட்டர் 5 சதவீத ஃபார்மிக் ஆசிட் விடுங்க, ஸ்டாக்கை ஹெக்சேன்ல வச்சு ஃப்ரீசர்ல போடுங்க. பைஃபென்த்ரின்ல சயனோ கிடையாது, அதுக்கு இந்தப் பயம் வேண்டாம், பைரித்ராய்டு கத்துக்கணும்னா அதுலேருந்து ஆரம்பிங்க.

9. ரேசிமிக் சோதனை: இது ஜெயிக்காம ஒரு சாம்பிளும் ஓட்டாதீங்க

எனான்ஷியோமர் ஃபிராக்‌ஷன், நாங்க இ.எஃப்னு சொல்றது, ஈ1ஐ ஈ1, ஈ2 ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்குறது. பாதிக்குப் பாதின்னா 0.50.

சுத்தமான மீன்ல ரேசிமிக் ஸ்டாண்டர்டை விட்டு, ஏழாவது படிலேருந்து முழுசா ஓட்டுங்க. குறைஞ்ச அளவு, நடு அளவு, அதிக அளவுன்னு மூணு அளவுல, ஒவ்வொண்ணும் அஞ்சு தடவை. ஒவ்வொரு எனான்ஷியோமருக்கும் ரெக்கவரி (விட்டதுல எவ்வளவு திரும்பக் கிடைச்சுது) 70லேருந்து 120 சதவீதத்துக்குள்ள, ஆர்எஸ்டி (அஞ்சு தடவைக்குள்ள சிதறல்) 20 சதவீதத்துக்குள்ள வரணும், இது வழக்கமான எச்ச முறைக்கும் உள்ளதுதான். ஆனா நமக்கு அது போதாது, இ.எஃப் 0.50 வரணும். ரெக்கவரி ஒண்ணுக்கு 75, இன்னொண்ணுக்கு 110ன்னு இருந்தா ரெண்டுமே பாஸ், ஆனா இ.எஃப் 0.41. இந்த ஓட்டையை நான் அனுபவிச்சிருக்கேன்.

எங்க லேப்ல ஒரு தடவை விரால்ல ஹெக்சகோனசோல் இ.எஃப் 0.42 வந்துச்சு. நாலு மீன்லயும் கிட்டத்தட்ட அதே. நான் மீன்தான் ஒண்ணை வேகமா உடைக்குதுன்னு முடிவு பண்ணி ஸ்லைடு கூட போட்டுட்டேன். ஒரு பொண்ணு, அப்போதான் சேர்ந்தவ, "அண்ணே, தொட்டி விரால்ல ரேசிமிக் போட்டா என்ன வருது?"ன்னு கேட்டா. அதை நான் ஓட்டவே இல்ல, ஸ்டாண்டர்டை வெறும் சால்வென்ட்ல மட்டும்தான் ஓட்டியிருந்தேன். அன்னைக்கு ராத்திரியே ஓட்டினோம், தொட்டி விரால்லயும் 0.43. முதல் பீக் வர்ற நேரத்துல மீன்லேருந்து எதுவோ கூடவே வந்து அதோட அயனாகுறதை அமுக்கிக்கிட்டு இருந்துச்சு, ரெண்டாவது பீக் வர்றப்போ அது போயிடுச்சு. ரெண்டு எனான்ஷியோமரும் வேற வேற நிமிஷத்துல வர்றதால மேட்ரிக்ஸ், அதாவது மீன்லேருந்து கூட வர்ற மத்த பொருளெல்லாம், ரெண்டையும் வேற வேற அளவுக்கு அமுக்கும், இதை யாரும் முதல்ல யோசிக்கிறது இல்ல. உறைய வைக்கிற படியைச் சேர்த்து, ஒவ்வொரு பீக்குக்கும் தனியா மீன் எக்ஸ்ட்ராக்ட்ல கேலிபிரேஷன் போட்டதும் 0.50க்கு வந்துச்சு. அந்த நாலு மீனும் ரேசிமிக்தான்.

0.50 வரலைன்னா எங்க தேடறது? குறைஞ்ச அளவுல மட்டும் சாய்ஞ்சா பேஸ்லைன் வெட்டுற இடம் தப்பு, கம்ப்யூட்டர் தானா வெட்டினதை விட்டுட்டு ரெண்டு பீக்கையும் ஒரே மாதிரி கையால வெட்டிப் பாருங்க. எல்லா அளவுலயும் சாய்ஞ்சா மேட்ரிக்ஸ் அமுக்குது. ரெண்டு ட்ரான்சிஷன்ல (314லேருந்து 70, 314லேருந்து 159 மாதிரி) ஒண்ணுல 0.50, இன்னொண்ணுல 0.44ன்னா அந்த ரெண்டாவதுல வேற ஏதோ பொருள் கூட வருது. சால்வென்ட்லயே சாய்ஞ்சா ரெசல்யூஷன் பத்தல, மூணாவது படிக்குத் திரும்புங்க. முதல் பீக் மட்டும் ரெண்டா பிளந்த மாதிரி இருந்தா ஊசி அளவு அதிகம், முழு அசிட்டோநைட்ரைல்ல இருக்கிற சாம்பிளை தண்ணி சேர்த்து பாதியாக்கி 5 மைக்ரோலிட்டருக்குள்ள போடுங்க.

10. ஓட்டுற வரிசை

காலைல காலத்தை மொபைல் ஃபேஸ்ல நல்லா ஓட விடுங்க, கைரல் காலம் சாதாரண சி18 மாதிரி பத்து நிமிஷத்துல சரியாகாது. வெறும் சால்வென்ட், சுத்தமான மீன், குறைஞ்ச அளவு ரேசிமிக், கேலிபிரேஷன், அப்புறம் சாம்பிள். பத்து சாம்பிளுக்கு ஒரு தடவை ரேசிமிக், கடைசிலயும் ரேசிமிக். நடுவுல ஒரு ரேசிமிக் தவறினா அதுக்கு முன்னாடி சரியா வந்த ரேசிமிக் வரைக்கும் பின்னாடி போய் எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும்.

உரக்கடைல வாங்கின பாட்டிலையும் நல்லா நீர்க்க வச்சு தனியா ஒரு நாள் ஓட்டிடுங்க. மீன் சாம்பிள் ஓட்டுற நாள்ல அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது, ஒரு துளி கையுறைல பட்டாலும் அன்னைக்கு எல்லா மீன்லயும் மருந்து இருக்கும்.

11. கணக்கு

பரப்பை நேரா வகுக்காதீங்க, ஒவ்வொரு பீக்கையும் அதோட கேலிபிரேஷன் வச்சு அளவாக்கிட்டு வகுங்க. உதாரணத்துக்கு ஒரு மீன்ல ஈ1 கிலோவுக்கு 3.2 மைக்ரோகிராம், ஈ2 4.8ன்னா மொத்தம் 8.0, இ.எஃப் 3.2ஐ 8.0ஆல வகுத்தா 0.40. எக்ஸ்ட்ராக்ட்ல மி.லி.க்கு 1 நானோகிராம்னா மீன்ல கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், தண்ணி சேர்த்து பாதியாக்கியிருந்தா 4, இதை ஷீட்லயே எழுதி வைங்க.

ரெண்டுல ஒண்ணு அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழ போயிடுச்சுன்னா இ.எஃப் போடாதீங்க. அங்க பூஜ்யம் போட்டு 1.0ன்னு எழுதுறது பொய்க்கணக்கு. "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது"ன்னு எழுதுங்க.

0.47 வந்தா அது ரேசிமிக் இல்லன்னு சொல்லலாமா? உங்க ரேசிமிக் சோதனைல வந்த சிதறலைப் பாருங்க. அது 0.50, கூடக் குறைய 0.01ன்னா 0.47க்கு அர்த்தம் இருக்கு. அது 0.02ன்னா வாயைத் திறக்காம இன்னும் மீன் ஓட்டுங்க.

12. நம்பர் என்ன சொல்லுது

வெயில், ஆவியாகுறது, தண்ணில கரையுறது, சேத்துல ஒட்டுறது, சாதாரண நீராற்பகுப்பு இதெல்லாம் ரெண்டு எனான்ஷியோமரையும் ஒரே மாதிரிதான் நடத்தும். உயிர்தான் பிரிச்சுப் பார்க்கும். அதனால தண்ணி, சேறு, மருந்து பாட்டில் மூணும் 0.50ல இருந்து மீன் மட்டும் சாய்ஞ்சா மீன் உடம்புல வேலை நடந்திருக்கு. சேறும் அதே பக்கம் சாய்ஞ்சா மீன் அதை அப்படியே வாங்கியிருக்கலாம். விரால் மத்த மீனைத் தின்னு வளர்றது, அது தின்ன சின்ன மீன்லயே விகிதம் சாய்ஞ்சிருக்கலாம், முடிஞ்சா அதே குளத்து சின்ன மீனையும் ஓட்டுங்க.

0.50 வந்தா மருந்து புதுசா வந்ததுன்னு எழுதிடறாங்க, அவசரம் வேண்டாம். ரெண்டும் ஒரே வேகத்துல உடைஞ்சாலும் 0.50தான். அடிச்ச தேதியும் மொத்த அளவும் கூட வச்சுத்தான் சொல்ல முடியும்.

ஃபிப்ரோனிலுக்கு ஒண்ணு. மீன் அதை சீக்கிரம் சல்ஃபோனா மாத்திடும், சல்ஃபோன் கைரல் இல்ல. ஃபிப்ரோனில் மட்டும் பார்த்துட்டு "மீன் சுத்தம்"னு எழுதினா பெரிய தப்பு, சல்ஃபோன் உடம்புல அதை விட ரொம்ப நாள் நிக்கும், அதுவும் விஷம்தான். சல்ஃபோனுக்கான 451லேருந்து 415, 282 ரெண்டையும் அதே ரன்லயே சேர்த்துடுங்க, இ.எஃப் ஃபிப்ரோனிலுக்கு, அளவு ரெண்டுக்கும்.

அரைச்ச மீன்ல மிச்சத்தை ரிப்போர்ட் போற வரைக்கும் ஃப்ரீசர்ல வைங்க, குளத்துக்காரர் வந்து கேட்டா திரும்ப ஓட்டிக் காமிக்க அது வேணும். அவர்கிட்ட சொல்றப்போ இ.எஃப் எல்லாம் வேண்டாம், எந்த மருந்து, எவ்வளவு, எந்த மடை வழியா வந்திருக்கலாம்னு சொல்லுங்க. அடுத்த போகத்துக்கு மருந்து அடிச்சதும் நாலு நாள் அந்த மடையை அடைச்சு வைக்க முடியுமான்னு அவரே கேட்பாரு. முடியும்னா அடைச்சு வைக்கச் சொல்லிட்டு, அஞ்சாம் நாள் ஐஸ் பெட்டியோட திரும்ப அங்க போங்க.